கொடை வாங்காத பேய்கள்: அடைமழைச் சாயங்காலத்துக்கு நாவல் கேட்டவர்களுக்கு

ஐப்பசி பிறந்ததும் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணாச்சி, மழைக்கு வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கோம். மனசைக் கொஞ்சம் கலக்குற மாதிரி ஒரு நாவல் சொல்லுங்க." பாளையங்கோட்டையில் பல வருஷம் வாடகைப் புத்தகக் கடை நடத்தியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். கடையை மூடியாயிற்று. புத்தகங்களில் பாதி என் வீட்டில் இருக்கின்றன, மீதி இரவல் வாங்கியவர்கள் வீட்டில்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: அண்ணாச்சி, வெளிநாட்டில் இலையுதிர் கால மாலை என்றாலே பேய் நாவலைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். நமக்கு இலையுதிர் காலமே கிடையாதே, நாம் எப்போது படிப்பது?

நம் ஊர் வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அப்போது வெயில் ஏறிவிடும், பேய்க்கதைக்குத் தோதுப்படாது. ஆனால் நம்மிடம் கூதிர் இருக்கிறது தங்கச்சி. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் என்பது பழைய கணக்கு. ஆனி ஆடியில் குற்றாலத்தில் விழுகிற சாரல் வேறு, அது குளித்துவிட்டுப் பரோட்டா தின்கிறவர்களுக்கான மழை. வாடையோடு வருகிற இந்த மழைதான் ஆளை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தும். ஐந்தரை மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும், போட்ட விளக்கும் ஆறு மணிக்கு அணைந்துவிடும்.

இந்தக் காலத்துக்கு என் முதல் சிபாரிசு நாவலே இல்லை. நக்கீரரின் நெடுநல்வாடை, மொத்தம் 188 அடி. குளிரில் குரங்கு கூனிப்போகிறது, பறவைகள் விழுகின்றன, பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. அரண்மனையில் ஒருத்தி தூங்காமல் கிடக்கிறாள். நள்ளிரவில், தூறலில், பாசறையில் புண்பட்டுக் கிடக்கும் வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு அரசன் நடக்கிறான். பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அவன் வீடு திரும்பினானா என்று நக்கீரர் சொல்லவில்லை. கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்திருப்பாய். கரண்ட் போன ஒரு ராத்திரி மறுபடி படித்துப் பார்.

வீரவநல்லூர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர்: அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. படித்துப் பயந்து போர்வைக்குள் போக வேண்டும். ஒன்று சொல்லுங்கள்.

சுஜாதாவின் கொலையுதிர் காலம். இலையுதிர் காலம் கேட்ட தங்கச்சிக்கும் சேர்த்து இதுவே பதில். குமுதத்தில் தொடராக வந்தது. கணேஷும் வசந்தும் ஒரு சொத்து விவகாரத்தில் போய் மாட்டிக்கொள்வார்கள். நடப்பது ஆவியின் வேலையா அறிவியலா என்று கடைசிவரை இழுபறி. என் கடையில் இருந்த பிரதியில் கடைசி எட்டுப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. வாங்கிப்போன ஒரு பெரியவர் திருப்பிக் கொடுக்கும்போது, "முடிவு பிரமாதம் வே, சொல்லாமலே விட்டுட்டாரு பாரும்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

குலதெய்வ வாடையோடு வேண்டுமென்றால் இந்திரா சௌந்தர்ராஜனின் விட்டுவிடு கருப்பா. விடாது கருப்பு என்று தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், அதன் மூலம் இதுதான்.

நாங்குநேரிப் பக்கம், பெயர் வேண்டாம் என்றவர்: ஊர்க் கோயில் கொடை விழா ஒவ்வொன்றிலும் வில்லுப்பாட்டில் இசக்கியம்மன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டிராகுலா படித்தேன், சிரிப்புத்தான் வந்தது. எங்களைப் பயமுறுத்த ஒரு நாவல் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் தம்பி. டிராகுலா 1897இல் வந்த நாவல். ராத்திரியில் ரத்தம் குடிக்க வருகிற ஒரு பிரபுவைப் பார்த்து லண்டன்காரர்கள் நடுங்கியிருக்கலாம். சுடலைமாடன் சாமிக்கு ஆடும் கோழியும் சாராயமும் சுருட்டும் படைத்து, நடுராத்திரிச் சாமக்கொடையில் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்கிய பிள்ளைகள் நாம். நமக்கு அவன் வெளியூர் விருந்தாளி.

இசக்கியை நம் ஊரில் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பார். ஒருத்தியை, அவள் நம்பிப் போனவனே காட்டில் கொன்றுவிடுகிறான். அவள் கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டு வருகிறாள். அவளை யாரும் விரட்டவில்லை. பீடம் போட்டார்கள், பொங்கல் வைத்தார்கள். அவளை எவன் கொன்றான், எப்படிக் கொன்றான் என்று வருஷா வருஷம் வில்லடித்து ஊரே கேட்கப் பாடினார்கள். பிள்ளையில்லாதவர்கள் அவளுக்கே தொட்டில் கட்டினார்கள். நாங்குநேரி என்கிறாய், உங்கள் ஊர் நா. வானமாமலை இந்த மாதிரிக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தவர், முத்துப்பட்டன் கதை உட்பட. கொடை வாங்கிய பேய் அம்மையாகிவிடும். அவளிடம் பயம் உண்டு, ஆனால் அது வீட்டுப் பெரியவளிடம் இருக்கிற பயம்.

அதனால் நம்மைத் தூங்கவிடாத நாவல், கொடை கிடைக்காத சாவைச் சொல்கிற நாவலாகத்தான் இருக்கும். கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் எடுத்துக்கொள். ஏதோ தாத்தா கதை சொல்கிற புத்தகம் என்று நினைத்திருப்பாய். தண்ணீர் குடிக்கக் குளத்தில் இறங்கிய ஒருத்தியை, காதில் கிடக்கும் நகைக்காக ஒருவன் தண்ணீருக்குள் அமுக்கிவிடுவான். அவள் அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்வாள். செத்தும் விடமாட்டாள். அந்த இடத்தைப் படித்த பிறகு ஒரு வாரம் நான் ஆற்றில் கால் வைக்கவில்லை. பிறகு ஊர்க்காரர்கள் அவனைக் கழுவேற்றுவதைக் கி.ரா. அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு போவார். அந்த நிதானம்தான் எனக்கு அதைவிடப் பயம்.

இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் இன்னொன்று, 1975. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்துபோனதிலிருந்து எழுந்த நாவல். பெருமாள்முருகனின் பூக்குழியும் இந்த வகைதான். காதலித்துக் கட்டிக்கொண்ட இருவர் ஊருக்குள் வருகிறார்கள், அவ்வளவுதான் கதை. கடைசிப் பத்துப் பக்கத்தை நின்றுகொண்டே படித்தேன்.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற ஆசிரியை: கொலை, ரத்தம் எதுவும் வேண்டாம். இருந்தாலும் மனசை அலைக்கழிக்க வேண்டும்.

எம்.வி. வெங்கட்ராமின் காதுகள், டீச்சர். 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. மகாலிங்கம் என்ற முருக பக்தர், கும்பகோணத்துக் குடும்பஸ்தர். ஒருநாள் அவர் காதுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. ஏசும், கெஞ்சும், ஆபாசம் பேசும், தன்னைக் காளி என்று சொல்லிக்கொள்ளும். மனிதர் நல்லவர். வியாபாரம் படுத்துவிட்டது, வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். உள்ளே ஒரு சந்தைக்கடை நடக்க, வெளியே அவர் மரியாதையாக வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். எம்.வி.வி. தானே அனுபவித்ததைத்தான் எழுதினார் என்பது தெரிந்ததும் பக்கத்தைத் திருப்பவே கை வராது.

நான் இதைப் படித்தது ஒரு கார்த்திகை மாதம். என் அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள். ராத்திரி யாரிடமோ பேசிக்கொண்டே இருப்பாள், பதிலுக்கு இடம்விட்டு. அதுவரை "என்னம்மா உளறுதே" என்று அதட்டிக்கொண்டிருந்தவன், புத்தகத்தில் பாதி போவதற்குள் அதட்டுவதை நிறுத்திவிட்டேன். அவள் இடம்விடுகிற நேரத்தில் நானும் உன்னிப்பாகக் கேட்க ஆரம்பித்ததுதான் மிச்சம். ஓட்டில் விழுகிற மழைச் சத்தத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் டீச்சர். பகலில் படியுங்கள்.

தாழையூத்து, இரவு ஷிப்ட் வேலை பார்ப்பவர்: சின்னதாக, ஒரே மூச்சில் முடிகிற மாதிரி?

சம்பத்தின் இடைவெளி. தினகரன் என்பவன் சாவு என்றால் என்ன என்று யோசிக்கிறான், அதை மட்டுமே யோசிக்கிறான். சின்ன நாவல். ஷிப்டில் படிக்காதீர்கள்.

தென்காசி, ஒரு அம்மா: எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன் பேய்க்கதையாகத் தேடிப் படிக்கிறான். கெட்டுப்போவானா?

மாட்டான். பையனுக்குப் பேய் வேண்டும், கொடுத்துவிடுங்கள். டிராகுலாவின் சுருக்கப் பதிப்பு எதுவானாலும் போதும், ஒரு வாரம் கொல்லைப்புறம் போகத் துணை கேட்பான், அப்புறம் சரியாகிவிடும்.

நீங்கள் படிக்க ஒன்று சொல்கிறேன். புதுமைப்பித்தனின் காஞ்சனை, 1943இல் வந்த சிறுகதை. நாவல் கேட்ட இடத்தில் சிறுகதையைத் தள்ளிவிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம், நம் இந்துக் கல்லூரியில் படித்தவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சை எப்படிப் பேசுவது? தூக்கம் வராத ஓர் எழுத்தாளர், அவர் மனைவி, பிச்சை கேட்டு வந்து வேலைக்காரியாகத் தங்கிவிட்ட ஒருத்தி. ராத்திரியில் வருகிற வாசனை, அதைத் தொடர்ந்து நாற்றம். அவள் யார் என்று அடித்துச் சொல்லாமலே கதையை முடித்துவிடுவார். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா என்று கேட்காமல் இதைச் சிபாரிசு செய்திருக்கக் கூடாதுதான்.

கோவில்பட்டி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: வெளிநாட்டு நாவல்களில் எது நம் மண்ணுக்கு ஒட்டும் அண்ணாச்சி?

ஹுவான் ருல்ஃபோவின் பெத்ரோ பராமோ, 1955, மெக்சிகோ நாவல். சாகக் கிடக்கும் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக ஒருவன் அப்பனைத் தேடி கோமாலா என்ற ஊருக்குப் போகிறான். வழி சொல்கிறவர்கள், படுக்க இடம் கொடுக்கிறவர்கள் எல்லோரும் செத்தவர்கள் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும். சுவர்கள் முணுமுணுக்கும். சென்னைக்கும் திருப்பூருக்கும் மும்பைக்கும் ஆள் போய்ப் பூட்டிக் கிடக்கிற தெருக்களை உங்கள் கரிசல் பக்கம் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெருவில் மத்தியானம் நடந்துவிட்டு வந்து படியுங்கள். முதல் தடவை யார் பேசுவது என்றே பிடிபடாது. தேர்வை முடித்துவிட்டு எடுத்தால் நல்லது.

மழைக்கென்றே பிறந்த நாவல் பிராங்கன்ஸ்டைன். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தப் புகையும் தூசியும் மறுவருஷம் ஐரோப்பாவில் கோடையையே இல்லாமல் ஆக்கிவிட்டன. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டில் அடைந்து கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களில் பதினெட்டு வயசுப் பெண் மேரி எழுதத் தொடங்கியது 1818இல் புத்தகமாக வந்தது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல், போன் இல்லாமல் மாடியில் உட்கார்ந்திருந்தோமே, அப்போது எங்கள் தெருவில் சொல்லப்பட்ட கதைகளை யாராவது எழுதியிருந்தால் இன்றைக்கு நமக்கும் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் அரிசி மூட்டையைத் தூக்கிவைப்பதில் இருந்துவிட்டோம்.

தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பில் இருக்கிறது. கொலை சீக்கிரமே நடந்து முடிந்துவிடும், அதற்குப் பிறகு நூறு நூறு பக்கமாகக் கொன்றவனுக்குக் காய்ச்சல். கோவில்பட்டிக்காரர் என்பதால் கூடவே பூமணியின் வெக்கையையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கொலை தொடக்கத்திலேயே. செய்தவன் பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம், கையை வெட்டத்தான் நினைத்திருந்தான். அதன் பிறகு எட்டு நாள் அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். ரஷ்யக்காரன் மனசுக்குள் புழுங்குகிற இடத்தில் நம் பையன் பசிக்கு என்ன கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருப்பான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு வெக்கைதான் ரொம்ப நாள் நெஞ்சில் கிடந்தது. அசுரன் படம் பார்த்தாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள், படம் வேறு வழியில் போய்விட்டது.

திருநெல்வேலி பேட்டை, ஒரு வாசகர்: எங்கள் பக்கத்தில் வாழ்ந்த தோப்பில் முகம்மது மீரானை மறந்துவிட்டீர்களே?

மறக்கவில்லை அண்ணாச்சி, யாராவது கேட்பார்கள் என்றுதான் இருந்தேன். சாய்வு நாற்காலி. 1997இன் சாகித்திய அகாதெமி பரிசு அதற்குத்தான். பழைய பெருமையில் ஊறிய முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தபடியே வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்று தீர்ப்பார். பேய் பங்களாக் கதைகளில் வீட்டைப் பேய் பிடிக்கும், இதில் ஆளே பேயாகி வீட்டைப் பிடித்துக்கொள்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் பட்டதைப் படித்தால் உங்கள் சொந்தக்காரர் வீடு ஒன்று கட்டாயம் ஞாபகம் வரும்.

சங்கரன்கோவில், பெரியவர் ஒருவர்: நிம்மதியைக் கெடுக்கிற புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பானேன்? மழைக்குச் சுக்குக்காப்பி குடித்தோமா, படுத்தோமா என்று இருக்க வேண்டாமா?

இருக்கலாம் ஐயா. சுக்குக்காப்பியில் கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லுங்கள்.

களக்காடு, தபால் ஊழியர்: அண்ணாச்சி, நீங்களே பாதியில் மூடிவைத்த புத்தகம் உண்டா?

உண்டு. ஜெயமோகனின் ஏழாம் உலகம். பழனிப் பக்கம், உடல் குறைப்பட்டவர்களை வைத்துப் பிச்சையெடுக்கவிட்டுப் பிழைக்கிற ஒரு பண்டாரத்தின் கதை. அவர்களை அவர் உருப்படி என்பார். வாங்குவார், விற்பார், பெற்றுப் பெருக்கவும் வைப்பார். அவரே வீட்டுக்கு வந்தால் மகள்கள் மேல் உயிரை விடுகிற அப்பா. நகை, சீர், மாப்பிள்ளை வீட்டார் என்று நம்மைப் போலவே கவலைப்படுவார். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அதைக் கையில் எடுத்தேன். நகைக் கணக்குப் போடுகிற இடம் வந்ததும் மூடி அலமாரியில் வைத்தேன். இரண்டு மழைக்காலம் அங்கேயே இருந்தது.

மூன்றாவது வருஷம், எங்கள் பக்கத்துக் கோயில் வாசலில் எப்போதும் உட்கார்ந்திருக்கிற ஆச்சி முன்னால் நின்று, "எந்த ஊரு ஆச்சி? யாரு கொண்டாந்து விட்டா?" என்று கேட்டேன். அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் நனைந்த சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "காசு போட வந்தீயளா, கணக்கெடுக்க வந்தீயளா?" என்றாள்.

காசு போட்டுவிட்டு வந்தேன். மீதிப் பக்கங்களை அன்று ராத்திரி படித்தேன்.