வருமானத்தில் வராத வீடு

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கென்று தனியாகக் கொடுத்துவந்த கல்லூரி உதவித்தொகை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வருமானத்தைப் பார்த்துக் கொடுத்தால் எல்லாருக்கும் நியாயம். இந்தச் சின்ன விஷயம் நம்மவர்களுக்கு எப்போது புரியும்?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: அப்படி ஒரு தீர்ப்பே கிடையாது. 2023 ஜூன் 29-ல் வந்த ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் பற்றிய தீர்ப்பு, மாணவர் சேர்க்கையில் இனம் பார்க்கக் கூடாது என்றது; அவ்வளவுதான். உதவித்தொகை அந்த வழக்கில் விசாரணைக்கே வரவில்லை. ஆனால் அன்றைக்கே மிசோரி மாநில அட்டர்னி ஜெனரல், “சேர்க்கைக்குச் சொன்னது பணத்துக்கும்தான்” என்ற பொருளில் தன் மாநிலக் கல்லூரிகளுக்குக் கடிதம் போட்டார். மிசோரி பல்கலைக்கழகம் உடனே பணிந்தது. வழக்குக்குப் பயந்து வேறு பல கல்லூரிகளும் விதியை மாற்றின. நீங்கள் தீர்ப்பு என்று நினைப்பதில் பாதி இந்தப் பயம்.

உதவித்தொகைக்கென்றே வந்த தீர்ப்பு ஒன்று உண்டு. ஆண்டு 1994, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ‘பானெக்கர்’ உதவித்தொகை வழக்கு. கறுப்பின மாணவர்களுக்கு மட்டுமேயான தொகை அது. ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர் ஒருவர் வழக்குப் போட்டார். ஒரு காலத்தில் கறுப்பர்களை உள்ளேயே விடாத பல்கலைக்கழகம் அது. வரலாறு அதன் வாதத்துக்குத் துணையாகத்தான் இருந்தது. ஆனாலும் தோற்றது. பழைய ஒதுக்கலின் விளைவு இன்றும் நீடிக்கிறது என்பதற்கு அது காட்டிய ஆதாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போதவில்லை. இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரியது: வெளிமாநிலத்து மாணவர்களுக்கும் தொகை கொடுத்திருந்தார்கள். மேரிலாண்ட் செய்த அநியாயத்துக்கு வெளிமாநிலத்துப் பிள்ளைக்கு எப்படி ஈடு கட்டுவது? 1995-ல் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை விசாரணைக்கே எடுக்கவில்லை. கொள்கை சரியாக இருந்தும் விதியை அலட்சியமாக எழுதியதால் வந்த தோல்வி என்பது என் கட்சி.

அதன்பிறகு கல்லூரிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. ‘கறுப்பின மாணவருக்கே’ என்று எழுதிவைத்துவிட்டுப் போன கொடையாளர் பணத்தை முதலில் ஒரே பானையில் போடுவது. இனம் பார்க்காமல், மதிப்பெண்ணும் தேவையும் பார்த்து யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது. பட்டியல் முடிந்த பிறகு, அதில் எந்த மாணவருக்கு எந்தக் கொடையாளரின் பணம் பொருந்துகிறதோ அதை அவர் பெயருக்கு எழுதிக்கொள்வது. மாணவர் கைக்கு வரும் தொகை இனத்தால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் இது ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது: பொருந்துகிற மாணவர் யாரும் பட்டியலில் இல்லாவிட்டால் அந்த வருஷம் அந்தப் பணம் தூங்க வேண்டும். ‘பணம் வீணாகிறதே’ என்று ஒரு பெயரைப் பட்டியலில் நுழைத்தால், போச்சு.

இப்போது உங்கள் ‘வருமானத்தைப் பார்’ விஷயத்துக்கு வருகிறேன். அங்கே அரசின் உதவி கேட்கும் மாணவர் ‘பாஃப்சா’ என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆண்டு வருமானம் 60,000 டாலர். ஒன்றுக்குத் தாத்தா காலத்தில் வாங்கிய, கடனில்லாத, 4 லட்சம் டாலர் பெறுகிற சொந்த வீடு. இன்னொன்று வாடகை வீட்டில். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் படிவத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஏனென்றால் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையோ ஓய்வூதியச் சேமிப்பையோ அது கேட்பதே இல்லை. முதல் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் முட்டினால் அப்பா வீட்டின் மேல் கடன் வாங்குவார். இரண்டாவது பிள்ளைக்குப் படிப்பு நிற்கும்.

அந்த வீடு ஏன் ஒருவர் தாத்தாவுக்கு இருந்தது, இன்னொருவர் தாத்தாவுக்கு இல்லை? 1930-களில் கறுப்பர் வாழ்ந்த தெருக்களை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, ‘இங்கே கடன் கொடுப்பது ஆபத்து’ என்று குறித்தது அரசு நிறுவனமேதான். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தினுடையது) 2,85,000 டாலர்; கறுப்பர் குடும்பத்தினது 44,900. சம்பளச் சீட்டை எத்தனை முறை புரட்டினாலும் இந்த வித்தியாசம் தெரியாது. சில தனியார் கல்லூரிகள் தனிப் படிவத்தில் வீட்டையும் கேட்கின்றன. ‘இனம் வேண்டாம், வருமானமும் சொத்தும் பார்’ என்று கேளுங்கள். அதை உட்கார்ந்து பேசலாம். ‘வருமானம் போதும்’ என்பது அரைக் கணக்கு.

‘நம்மவர்களுக்கு’ என்று சாடையாக இழுத்தீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை அடிபட்டது. அதே ஆண்டு அரசியல் சாசனத்தைத் திருத்தி, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4)-ஐச் சேர்த்தார்கள். அமெரிக்க சாசனத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. அங்கே விழுந்த வாதத்தைப் பிடுங்கிவந்து இங்கே நட முடியாது. இன்னொன்று: நீங்கள் கேட்கும் வருமான வரம்பு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பட்டியல் சாதி மாணவர் சாதிச் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டவில்லை என்ற சான்றிதழும் இணைக்க வேண்டும்.