உறைந்த தேனைக் கெடாமல் இளக்குவது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து உறவினர் வாங்கி வந்த ஒரு கிலோ தேன், மார்கழிக் குளிரில் அடியிலிருந்து வெண்மையாக உறையத் தொடங்கி, இப்போது கரண்டி இறங்காத அளவுக்குக் கட்டியாகிவிட்டது. சர்க்கரைப் பாகு கலந்த தேன்தான் இப்படி ஆகும் என்கிறார் என் மாமியார். அது உண்மையா? இதைப் பழையபடி இளக்க முடியுமா? (வாசகி, குன்னூர்)

பதில்: தேன் உறைவது கலப்படத்தின் அடையாளம் அன்று, அது கெட்டுப்போனதாகவும் ஆகாது. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைகளே. அவற்றுள் ஃபிரக்டோஸ் எளிதில் கரைந்து நிற்கும். குளுக்கோஸுக்கு அவ்வளவு கரைதிறன் கிடையாது. தேனில் உள்ள நீர் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குள் இருப்பதால், அந்தச் சிறிதளவு நீரில் தன் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும் குளுக்கோஸ், ஒரு மகரந்தத் துகளோ மெழுகுத் துணுக்கோ பற்றுக்கோடாகக் கிடைத்ததும் படிகமாகப் பிரிந்து அடியில் தங்குகிறது. குமரி மாவட்டத் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்திலிருந்து வருவது. மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் பருவத்தில், இளந்தளிரின் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பைத் தேனீக்கள் எடுத்துச் சேர்க்கும் அந்தத் தேன் விரைவில் உறையும் இயல்புடையது. அதோடு, படிகம் மிக வேகமாக வளரும் வெப்பநிலை ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை. குளிர்காலக் குன்னூரின் சமையலறை அலமாரியில் அதுதானே நிலவுகிறது! நாகர்கோவிலில் இருந்திருந்தால் இதே தேன் இன்னும் சில மாதங்கள் இளகியே இருந்திருக்கக்கூடும்.

அதற்காக, உறைந்தால் சுத்தமான தேன் என்று தலைகீழாகவும் முடிவு கட்டிவிட வேண்டாம். தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது முதலிய வீட்டுச் சோதனைகளைப் போலவே, உறைதலும் கலப்படத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

இனி இளக்கும் முறைக்கு வருவோம். கூட்டின் உள்ளே தேனீக்கள் காக்கும் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. அதைவிடச் சற்றே கூடுதலாக, 40 முதல் 45 டிகிரிக்குள் நிறுத்தினால் படிகம் கரைந்துவிடும், மணமும் நிறமும் பெரிதாக மாறா. வெப்பமானி இல்லாத வீட்டில் இந்தச் சூட்டை எப்படிக் கண்டுகொள்வது என்று நீங்கள் கேட்கலாம். அளந்து கலந்தால் போதும். உங்கள் ஊரில் குழாய் நீர் 15 டிகிரி அளவில் இருக்குமானால், ஒரு டம்ளர் கொதிநீருக்கு இரண்டு டம்ளர் குழாய் நீர் சேர்க்க, கலவை 40 டிகிரிக்குச் சற்று மேலே வரும். சமவெளியில் குழாய் நீரே 30 டிகிரி இருப்பதால், அங்கே ஒன்றுக்கு மூன்று என்று கலக்க வேண்டும். அது 47 டிகிரிக்குச் சற்று மேலாக இருந்தாலும், பாத்திரமும் பாட்டிலும் சூட்டை இழுத்துக்கொள்ள, சிறிது நேரத்தில் 45க்குள் இறங்கிவிடும்.

அகலமான பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பாட்டிலை நிறுத்தி, உள்ளே தேன் நிற்கும் உயரம் வரை இந்த நீரை ஊற்றுங்கள். மூடியைக் கழற்றாமல் சற்றே தளர்த்தி வையுங்கள். ஒரு சொட்டு நீரும் உள்ளே போகக் கூடாது. குளிர்ந்திருக்கும் கண்ணாடியை நேராகச் சுடுநீரில் இறக்கினால் விரிசல் விடும் என்பதால், முதலில் சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுப்பது நல்லது. நீர் ஆறும்போதெல்லாம் மாற்ற வேண்டும். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, பாட்டிலோடு கொதிக்கவிடுவது கூடாது. முதலில் கண்ணாடியை ஒட்டிய ஓரம் பொன்னிறமாகத் தெளியும், நடுவில் வெள்ளைக் கட்டி தனியே நிற்கும். அந்த நிலையில், நன்றாக உலர்ந்த நீளக் கரண்டியால் அடியிலிருந்து கிளறிவிட்டால் மீதியும் விரைவில் கரையும். ஒரு கிலோ தேன் முழுவதும் உறைந்திருந்தால் இதற்குச் சில மணி நேரம் ஆகும், பொறுமைதான் வேண்டும். குருணை சிறிதும் மிஞ்சாமல் கரைப்பது முக்கியம், ஏனெனில் அடியில் தங்கும் குருணையே அடுத்த உறைதலுக்கு வித்தாகிவிடும்.

ஒவ்வொரு முறை சூடேறும்போதும் தேனின் மணம் கொஞ்சம் குறையும் என்பதால், முழுப் பாட்டிலையும் திரும்பத் திரும்ப இளக்குவதைவிட, இளகிய தேனைச் சிறு பாட்டில்களில் பிரித்து வைத்து, அடுத்த முறை தேவைப்படுவதை மட்டும் இளக்கிக்கொள்வது மேல். என்னைக் கேட்டால், சப்பாத்தியில் தடவிச் சாப்பிட உறைந்த தேனே வசதி, வழிந்து கையெல்லாம் ஒட்டாது. மேலைநாடுகளில் இதற்காகவே தேனை உறையவைத்து விற்கிறார்கள்: எல்டன் டைஸ் என்பவர் 1935இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, நுண்ணிய படிகமுள்ள தேனை வித்தாகக் கலந்து, 14 டிகிரி அளவில் வைத்து, வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் ஒரு நிமிடத்தில் இளகிவிடுகிறது. சூடாக்கிய தேன் நஞ்சாகும் என்றும் சொல்கிறார்களே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மைக்ரோவேவில் சூடு சீராகப் பரவுவதில்லை, ஓரிடம் கொதிக்கும்போது மற்றோரிடம் கட்டியாகவே இருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால் நெளிந்தும் போகும். குக்கரில் வைப்பது இன்னும் மோசம். ஆயுர்வேத நூல்கள் தேனைச் சூடாக்கக் கூடாது என்று கண்டிப்பாகவே சொல்கின்றன. இன்றைய வேதியியல் அதை நஞ்சு என்று சொல்லாவிட்டாலும், அதிகச் சூட்டில் நொதிகள் சிதையும் என்பதையும், ஹைட்ராக்சிமெத்தில்பர்ஃபியூரல் என்னும் பொருள் பெருகும் என்பதையும் ஏற்கிறது. தேன் சூடுபட்டதற்கோ பழையதானதற்கோ அடையாளமாகக் கொள்ளப்படும் இப்பொருளுக்கு, இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மேலே சொன்ன வெதுவெதுப்பில் சில மணி நேரம் வைப்பதால் அது பெரிதாகக் கூடிவிடாது.

கேள்வி: உறைந்த தேனின் மேல்பகுதி நீர்த்து, நுரைத்து, புளித்த வாடை வருகிறது. இளக்கிப் பயன்படுத்தலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம். குளுக்கோஸ் படிகமாகப் பிரிந்து அடியில் தங்கும்போது, மேலே நிற்கும் பகுதியில் நீரின் விகிதம் கூடுகிறது; அதில் ஈஸ்ட் பெருகிப் புளிக்கவைத்திருக்கிறது. இளக்கினாலும் அந்தச் சுவை போகாது. இனி வாங்கும் தேனை இறுக மூடி, ஈரக் கரண்டி படாமல், அறை வெப்பத்திலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை.

கேள்வி: இப்படி இளக்கிய தேனைக் கைக்குழந்தைக்குச் சேனை வைக்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இளக்கியதோ இளக்காததோ, ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் எந்தத் தேனையும் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் முதிராத குடலில் முளைத்து நச்சைச் சுரக்கலாம். வெந்நீர்ச் சூடும், ஏன், கொதிக்கும் சூடும்கூட அவ்வித்துகளை அழிக்காது. ஏற்கெனவே கொடுத்திருந்து, குழந்தைக்கு மலச்சிக்கலோ, பால் உறிஞ்சுவதில் தளர்ச்சியோ, அழுகுரலில் சோர்வோ தெரிந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, தேன் கொடுத்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.