எச்சில் ஜாதகம்: வாசகர் கேள்வி பதில்

எச்சிலை அனுப்பினால் பூர்வீகமும் சொந்தமும் சொல்லும் டிஎன்ஏ பரிசோதனை பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். வந்த கேள்விகளில் பாதி மனிதர்களைப் பற்றி, மீதி நாய்களைப் பற்றி. பிரிக்காமல் கலந்தே போடுகிறேன், இரண்டு பக்கமும் குழப்பம் ஒன்றுதான்.

கே: நானும் தம்பியும் ஒரே கம்பெனிக்கு எச்சில் அனுப்பினோம். தென்னிந்தியா, இலங்கை என்று எனக்கு 91 சதவீதம், அவனுக்கு 97. எனக்கு மட்டும் தென்கிழக்கு ஆசியா 2 சதவீதம். வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். (வாசகி, ஸ்கார்பரோ)

ப: பார்க்கட்டும். அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி என்பது உங்கள் இருவருக்கும் பொதுதான், ஆனால் எந்தப் பாதி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒரே சட்டி சாம்பார்தான், உங்கள் கரண்டியில் முருங்கைக்காய் வந்தது, தம்பி கரண்டியில் கத்தரிக்காய்.

அப்புறம் அந்த 2 சதவீதம். நம் மரபணுவில் ஊர்ப்பெயர் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. சுமார் 300 கோடி எழுத்துகளில் ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் படித்து, ஏற்கெனவே தங்கள் பட்டியலில் இருக்கும் ஆட்களில் யாருக்கு நீங்கள் நெருக்கம் என்று கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் ஐரோப்பியர்கள் ஏராளம், நம்மவர்கள் குறைவு. அதனால் அயர்லாந்துக்காரருக்கு எந்த வட்டாரம் என்று சொல்லும் கம்பெனி, நமக்குப் பெரிய ஜமுக்காளமாக ஒன்றை விரித்துவிட்டுப் போய்விடும். அடுத்த முறை பட்டியலைப் புதுப்பிக்கும்போது உங்கள் தென்கிழக்கு ஆசியா காணாமலே போகலாம்.

கூடப்பிறந்தவர்தானா என்று தெரிய வேண்டுமானால் வரைபடத்தை மூடிவிட்டு உறவினர் பக்கத்தைத் திறங்கள். சொந்தத் தம்பி என்றால் பொதுவான டிஎன்ஏ 2,600 சென்டிமார்கன் (டிஎன்ஏ நீளத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும், ஒரே அப்பா வேறு அம்மா என்றால் 1,700, 1,800 அளவில். இந்த எண்ணை நம்பலாம். ஆனால் அதே பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ‘இரண்டாம் கசின்’ (கொள்ளுத்தாத்தா வழிச் சொந்தம்) என்று வந்து நின்றால் நான் உடனே நம்ப மாட்டேன். அத்தை மகன், மாமன் மகள், சில வீடுகளில் தாய்மாமனுக்கே பெண் என்று நாம் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்கியதில், ஒரே கொள்ளுத்தாத்தா இரண்டு மூன்று வழியாக உங்களுக்குள் வந்து உட்கார்ந்திருப்பார். கம்பெனிக் கணக்குக்கு இதெல்லாம் தெரியாது, தூரத்துச் சொந்தத்தைக் கிட்டத்துச் சொந்தமாகக் காட்டிவிடும்.

கே: என் சாதி என்ன என்று டெஸ்டில் தெரியுமா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

ப: தெரியாது, சாதிக்கென்று ஒரு மரபணு கிடையாது. ஹைதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மைய விஞ்ஞானிகளும் ஹார்வர்டு குழுவும் சேர்ந்து 2009ல் 25 இந்தியக் குழுக்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை இரண்டு பழைய மக்கள்கூட்டங்களின் கலவையாகவே இருந்தன, விகிதம்தான் வேறு. சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தக் கலப்பு நன்றாகவே நடந்தது என்று 2013ல் காலமும் கணித்தார்கள். தங்களுக்குள்ளேயே கல்யாணம் என்று கதவைச் சாத்திக்கொண்டது அதற்கப்புறம்தான்.

கே: சென்னையில் தெருவில் எடுத்த நாயை இங்கே கூட்டி வந்தோம். டெஸ்டில் பத்து ஜாதி நாய்களின் பெயர் துண்டு துண்டாக வருகிறது. எது நிஜம்? (வாசகர், நியூ ஜெர்சி)

ப: அநேகமாக எதுவும் இல்லை. நல்ல ஜாதி நாய்கள் கண்டபடி சேர்ந்து பிறந்ததுதான் தெருநாய் என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் அது தலைகீழ். ஜாதி நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் லண்டனில் ஆரம்பித்ததே 1873ல்தான், இன்றைய ஜாதி நாய்கள் பலவும் அந்தக் காலத்தை ஒட்டிச் செய்தவை. 2015ல் 38 நாடுகளின் 549 ஊர் நாய்களை ஆராய்ந்தார்கள். இந்தியா, வியட்நாம், எகிப்து நாய்களில் ஐரோப்பிய நாய் ரத்தம் மிகக் குறைவு என்று வந்தது. உங்கள் நாய் அநேகமாக எதன் கலப்பும் இல்லை, பழைய ஆள். ஊர் நாய் என்ற வகையே கம்பெனியின் பட்டியலில் இல்லாவிட்டால், இருக்கிற பெயர்களில் கிட்டத்தில் வருவதையெல்லாம் அள்ளி ஒட்டிவிடுவார்கள். ஊர் நாய்க்குத் தனி வகை வைத்திருக்கிற கம்பெனிகளும் உண்டு, அங்கே அனுப்பிப் பாருங்கள்.

கே: எங்கள் நாய் கோலி (ஆடு மேய்க்கும் நாய் ஜாதி) கலப்பு என்றுதான் கொடுத்தார்கள். டெஸ்ட் வெட்டிச் செலவு என்கிறார் வீட்டுக்காரர். (வாசகி, கோவை)

ப: மற்ற நாய் என்றால் வீட்டுக்காரர் கட்சிதான் நானும். கோலி என்றால் செலவு செய்யுங்கள். எம்டிஆர்1 என்ற மரபணுவில் நாலே நாலு எழுத்து விடுபட்டுப் போகும் குறை கோலிகளில் மிகச் சாதாரணம், நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவான கோலிகள் அதைச் சுமக்கின்றன. மூளைக்குள் மருந்து போகாமல் வெளியே தள்ளும் பம்ப் அதனால் சரியாக வேலை செய்யாது. சொறிக்குப் போடும் அளவில் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஊசியாகப் போட்டால் அப்படிப்பட்ட நாய் தள்ளாடும், வாயில் நீர் வடியும், கோமா வரை போகும். கோலி வகைகளுக்குக் கால் பெரும்பாலும் வெள்ளை, அதனால் ‘வெள்ளைக் கால் என்றால் ஊசி போடாதே’ என்று வெளிநாட்டுக் கால்நடை மருத்துவர்கள் முன்பே சொல்லி வந்தார்கள், காரணம் பிடிபட்டது 2001ல். ரிசல்ட் வரும்வரை, கோலி கலப்பு என்று டாக்டரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

மாதிரி எடுக்கும்போது கன்னத்தின் உள்பக்கம் பிரஷ்ஷை அரை நிமிஷம் உருட்ட வேண்டும். எங்கள் நாய் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு விடவே இல்லை, பிஸ்கட்டைக் காட்டி லஞ்சம் கொடுத்து வாங்கினேன், பிஸ்கட் தூளோடு போன மாதிரி தேறாது என்று திரும்பக் கேட்டார்கள். அப்படிக் கேட்பது நல்ல லேப். பாஸ்டனில் ஒரு டிவி நிருபர் தன் கன்னத்து எச்சிலையே நாய் டெஸ்டுக்கு அனுப்பினார். இரண்டு கம்பெனிகள் முடியாது என்றன, மூன்றாவது அவரை 40 சதவீதம் அலாஸ்கன் மலமூட் நாய் ஆக்கி அனுப்பியது.

கே: எச்சில் கொடுத்த கம்பெனி திவாலானால்? (வாசகர், சிங்கப்பூர்)

ப: ஆகியிருக்கிறது. 23அண்ட்மீ என்ற அமெரிக்க டிஎன்ஏ கம்பெனியில் 2023ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருட்டுப் போனது, 2025 மார்ச்சில் திவால் மனு போட்டார்கள். முதலில் உங்கள் டிஎன்ஏவின் மூல டேட்டாவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கணக்கை அழியுங்கள். எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்வது தனி வேலை, அதையும் கேட்டு வாங்குங்கள்.

கே: ஷூவைக் கடிப்பது லாப்ரடார் ரத்தமா? (வாசகர், திருச்சி)

ப: 2022ல் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பார்த்தார்கள், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் ஜாதியின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் வந்தது. ஷூவை மேலே எடுத்து வையுங்கள்.