பூட்டனின் பதக்க விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பூட்டன் முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் இருந்து இறந்தவர். பூட்டிக்கு லண்டனிலிருந்து பென்சன் வந்தது என்று அப்பம்மா சொல்லுவா. அப்பம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யார் என்று சொல்ல இப்போது ஆளில்லை. இருப்பது ஒரு பதக்கம்தான். பென்சன் பதிவில் குடும்ப விவரம் கிடைக்குமா?
- வாசகி, மானிப்பாய்

பதில்: கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். கந்தையா என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம்; தகப்பன் பெயர் குடும்பப் பெயராகவும் ஏறியிருக்கும். படையில் அவருக்குக் கொடுத்த படை எண்தான் கைகொடுக்கும்.

அந்த எண் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். முதலாம் போரின் வெள்ளிப் பதக்கம், வெண்கல வெற்றிப் பதக்கம் இரண்டின் விளிம்பிலும் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்தே கொடுத்தார்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். சாய்ந்த வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். உள்ளங்கை அளவு வெண்கலத் தட்டு என்றால் அது இறந்தவரின் வீட்டாருக்குக் கொடுத்த நினைவுத் தட்டு. அதில் பெயர் மட்டுமே இருக்கும். அப்படியானால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தளத்தில் தேடுங்கள். எண்ணோடு, சில பதிவுகளில் பெற்றோர் அல்லது மனைவியின் பெயரும் ஊரும் இருக்கும்.

சாதாரணச் சிப்பாய்களின் சேவைக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் எரிந்துபோயின. பென்சன் அட்டைகள் அதில் அகப்படவில்லை. பின்னாளில் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு அவற்றைக் கழிக்க இருந்தபோது, 2012இல் முதலாம் போர் வரலாற்று ஆர்வலர் சங்கமான வெஸ்டர்ன் ஃப்ரண்ட் அசோசியேஷன் பொறுப்பெடுத்தது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளும் பேரேடுகளும் இப்போது ஃபோல்ட்3 என்ற கட்டணத் தளத்தில் உள்ளன.

உங்களுக்கு வேண்டியது 'விதவைகள், தங்கியிருப்போர்' (இறந்தவரின் உழைப்பை நம்பி வாழ்ந்தவர்கள்) தொகுதி. விதவையின் பெயர், முகவரி, பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி எல்லாம் ஒரே அட்டையில் வரலாம். மணமாகாமல் இறந்தவருக்குத் தாயின் பெயரில் அட்டை இருக்கலாம். கேட்டுக் கிடைக்காமல் போனவர்களுக்கும் அட்டை உண்டு, எனவே 'பென்சன் வந்தது' என்ற வீட்டுக் கதை பிழையாக இருந்தாலும் தேடல் வீணாகாது. மறுமணம் செய்தால் விதவைப் பென்சன் நின்றுவிடும். அந்தக் குறிப்பு கண்ணில் பட்டால், குடும்பத்தில் யாரும் வாய் திறக்காத இன்னொரு கிளை இருக்கக்கூடும்.

ஒன்றில் மட்டும் கவனம். பிள்ளைகளுக்கான படி பொதுவாக 16 வயதுவரைதான். அப்போதே வளர்ந்துவிட்ட மூத்தவர்கள் அட்டையில் இருக்கமாட்டார்கள். ஆகவே அதைக் குடும்ப மரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விடுபட்டவர்களை ஊரில்தான் பிடிக்க வேண்டும். பூட்டியின் பெயர் தெரிந்ததும் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் சீதன உறுதியை, அதாவது சீதனமாகக் காணி கொடுத்த பத்திரத்தைத் தேடுங்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்று அதில் எழுதியிருப்பதால், பெரும்பாலும் பூட்டியின் தாய் தகப்பன் பெயரும் வந்துவிடும். என் அனுபவத்தில் பிறப்புப் பதிவைவிட உறுதிகளே அதிகம் பேசுகின்றன. வேதக்காரக் குடும்பமென்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேளுங்கள்.

ஃபோல்ட்3க்குக் காசு கட்டமுன் பிரதேச செயலகத்துக்குப் போய் அப்பம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். தாயின் முழுப் பெயர் அதில் இருக்கும். அட்டையில் வரும் விதவை உங்கள் பூட்டிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.