நிற்காமல் என்ன செய்கிறது?

அன்புள்ள சார்,

பைத்தானில் புரோகிராம் எழுதுகிறேன். ஓடும்போது எரர் வந்து நின்றால் டீம் லீட் திட்டுகிறார். அதனால் எல்லாவற்றையும் ட்ரைக்குள் ('இதை முயன்று பார்') போட்டு, எக்ஸெப்டில் ('எரர் வந்தால் இதைச் செய்') பாஸ், அதாவது 'ஒன்றும் செய்யாதே' என்று எழுதிவிடுகிறேன். இப்போது நிற்பதே இல்லை. இது தப்பா? ஜாவா மொழி மாதிரி எரரை எக்ஸெப்ஷனாக வீசுவது நல்லதா, கோ மொழி மாதிரி எரரைத் திருப்பித் தருவது நல்லதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜாவாவா கோவா என்பதை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். 'நிற்பதே இல்லை' என்கிறீர்களே, நிற்காமல் என்ன செய்கிறது தம்பி? எந்த எரர் என்று சொல்லாமல் வெறும் எக்ஸெப்ட் போட்டால், புரோகிராமை நிறுத்த நீங்கள் அழுத்தும் கன்ட்ரோல்-சியையும் அது விழுங்கும். லூப்புக்குள் இருந்தால் நீங்களே நிறுத்த நினைத்தாலும் அடங்காது.

ஏரியான் 5 ராக்கெட் விபத்தின் விசாரணை அறிக்கையைத்தான் இந்த வாரம் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ. முதல் பயணம். கிளம்பி 40 வினாடி போல ஆனதும் ராக்கெட் சிதறியது, நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களோடு. 64 பிட் எண்ணை அது கொள்ளாத 16 பிட் இடத்தில் திணித்ததால் வந்த வினை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிக் கதை. எரர் பிடிபட்டது சார்! பிடிபட்டதும் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தார்கள்: பதிவு செய்துவிட்டு, ராக்கெட்டின் நிலையையும் அசைவையும் கணக்கிடும் அந்தக் கணினியை நிறுத்து. ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியம். இரண்டிலும் ஓடியது ஒரே நிரல். 72 மில்லிவினாடிச் சுற்று ஒன்றுக்கு முன்பே மாற்றுக் கணினி அதே காரணத்தால் போய்விட்டது. முதன்மைக் கணினி சாகும்போது அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பறக்கும் தகவல் என்று நம்பி, ராக்கெட் தன்னையே திருப்பிக்கொண்டது.

இத்தனைக்கும், கிளம்பிய பிறகு அந்த எண்ணைத் தந்த கணக்கால் ஏரியான் 5-க்கு எந்தப் பயனும் இல்லை. முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-லிருந்து அப்படியே வந்தது.

'அப்போ பாஸ் போட்டிருந்தால் தப்பித்திருக்குமே' என்பீர்கள். தப்பித்திருக்கலாம். அந்த எண் இனி வேண்டாம் என்று தெரிந்தவர் அந்த ஒரு இடத்தில் போட்டிருந்தால். நீங்கள் தெரிந்தா போட்டீர்கள்? திட்டுக்குப் பயந்து போட்டீர்கள். பயம் புரிகிறது, வேலை புதிது. ஆனால் ஃபைல் இல்லையென்றால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியும், அந்த எரரை மட்டும் பெயர் சொல்லிப் பிடியுங்கள். தெரியாததை விழவிடுங்கள். விழுந்ததும் எங்கே விழுந்தது என்பது டிரேஸ்பேக் என்ற எரர் அறிக்கையில் வரி எண்ணோடு வரும், அதை டீம் லீடிடம் காட்டுங்கள். அதற்கும் திட்டினால் எழுதுங்கள், அவருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன்.