பெர்லினில் ஒரே நாள், இரண்டு வாயில்கள்

அடுத்த ஆண்டு பெர்லினில் ஒரே ஒரு நாள், அதற்குள் பண்டைய பாபிலோன் நகரத்தின் இஷ்தார் வாயில், பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் இரண்டையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இஷ்தாரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது இருக்கும் பெர்காமன் அருங்காட்சியகத்தை 2023 அக்டோபரில் சீரமைப்புக்காக மூடிவிட்டார்கள். வடக்குப் பகுதி 2027இல் திறக்கும் என்கிறார்கள். ஆனால் இஷ்தார் இருப்பது தெற்குப் பகுதியில். அதற்கு 2037 வரை ஆகுமாம்!

இஸ்தான்புல்லில் விமானம் மாறுவதாகச் சொன்னீர்களே, அது நல்லதாயிற்று. அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் அதே பாபிலோனின் நீல மெருகுச் செங்கல் சிங்கங்கள் சில இருக்கின்றன. அந்தப் பிரிவு திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிராண்டன்பர்க்குக்குக் கட்டணம் கிடையாது, எந்நேரமும் போகலாம். மேலே நிற்கும் நான்கு குதிரைத் தேர்ச் சிலை அசலா என்றால், இல்லை. அசலை 1806இல் நெப்போலியன் பாரிசுக்குத் தூக்கிக்கொண்டு போனார். 1814இல் திரும்பி வந்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போரில் சிதைந்து, ஒரு குதிரைத் தலைதான் மிஞ்சியது. போர்க்காலத்தில் எடுத்துவைத்த அச்சுகளைக் கொண்டு 1950களில் புதிதாகச் செய்ததைத்தான் இப்போது பார்ப்பீர்கள்.

தேர் கிழக்கு நோக்கி நிற்கிறது. படம் எடுக்கக் காலை வெயிலில், வாயிலுக்குக் கிழக்கே உள்ள பாரிசர் பிளாட்ஸ் சதுக்கத்தின் பக்கமாகப் போங்கள்.