பீங்கான் முத்திரைகள்: கேள்வி – பதில்

கேள்வி: தட்டின் அடியில் 'வெட்ஜ்வுட், இங்கிலாந்து 1759' என்று அச்சாகியிருக்கிறது. 1759-இல் செய்தது என்று சொல்லி விற்றார்கள். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். 1759 ஆங்கிலேயக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் தொழில் தொடங்கிய ஆண்டு. இந்த ஏமாற்று எனக்கு ஆறாத எரிச்சல். இதில் சிக்குகிறவர்கள் அடியைத் திருப்பிப் பார்க்கும் அளவுக்குக் கவனமுள்ளவர்கள். ஆலைகள் பெருமைக்காகத் தொடக்க ஆண்டை முத்திரையில் பொறித்துக்கொள்கின்றன. விற்கிறவர் அதையே செய்த ஆண்டாக்கி விலையை ஏற்றிவிடுகிறார். ராயல் வூஸ்டர் முத்திரையின் நடுவில் '51' என்று இருக்கும். அதை 1851 என்று கூசாமல் சொல்லி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 1751, வூஸ்டர் ஆலை தொடங்கிய ஆண்டு; கிரீடத்தோடு கூடிய அந்த முத்திரையே 1862-இல்தான் வந்தது. அதில் காலம் பார்க்க வேண்டுமானால் கிரீடத்தை ஒட்டியுள்ள சிறு புள்ளிகளை எண்ண வேண்டும். 1892 முதல் ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

உங்கள் தட்டில் துப்புக் கொடுப்பது 'இங்கிலாந்து' என்ற சொல். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்த பிறகே அது பரவலானது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ரசீதில் ஆண்டை எழுதிக் கொடுத்திருந்தால் தட்டையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியவர் விற்றவர்.

கேள்வி: என் கிண்ணத்தில் வெட்ஜ்வுட் பெயரின் நடுவே கூடுதலாக ஓர் ஆங்கில 'ஈ' எழுத்து இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை, வேறு ஆலை. இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் இருந்த ஓர் ஆலை இப்படிப் பெயர் போட்டு விற்றது. வெட்ஜ்வுட் 1848-இல் நீதிமன்றத் தடை வாங்கியது.

கேள்வி: நீல நிறத்தில் இரண்டு வாள்கள் குறுக்காக வரைந்த கோப்பை கிடைத்திருக்கிறது. ஜெர்மனியின் மைசென் ஆலையுடையதுதானே?

பதில்: அந்த வாள்களைக் காப்பியடிக்காத ஊர் இல்லை. முத்திரை மேல் நகத்தை ஓட்டுங்கள். மைசெனின் நீல வாள்கள் வழக்கமாக மெருகுக்கு (மேலே உள்ள கண்ணாடி போன்ற பூச்சுக்கு) அடியில் இருக்கும், நகத்தில் தட்டுப்படாது. தட்டுப்பட்டால் சந்தேகப்படுங்கள், தட்டுப்படாததாலேயே அசல் என்றும் முடிவு கட்டாதீர்கள். வாள்களின் குறுக்கே கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குறையுள்ள சரக்கை ஆலையே அப்படிக் கீறி ஒதுக்கியது. பக்கத்தில் மெருகில்லாமல் மங்கிய திட்டு ஒன்று விரலுக்குச் சொரசொரத்தால், வேறு யாருடைய முத்திரையையோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கோப்பை என் அலமாரியிலும் இருக்கிறது. விற்றவர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

கேள்வி: படத்தைப் பார்த்து ஒரு சீனப் பூச்சாடிக்கு முழுப் பணமும் கட்டிவிட்டேன். அடியில் ஆறு எழுத்து, செங்ஹுவா காலம் என்கிறார்கள். அடிப்பக்கத்தின் படம் அனுப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கட்டும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அடியைக் காட்டாதவரிடம் எப்படிப் பணம் கொடுத்தீர்கள்? சீனப் பேரரசர் செங்ஹுவாவின் ஆட்சி 1465 முதல் 1487 வரை. அந்தப் பெயரை, பின்னால் வந்த பேரரசர் காங்ஷி காலத்துக் குயவர்களே, 1662-க்குப் பிறகு, முன்னோர் மீதிருந்த மரியாதையால் எழுதினார்கள்; இன்றும் எழுதுகிறார்கள். எழுத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. அடிவளையத்தையும் அதன் தேய்மானத்தையும் பார்த்தாக வேண்டும். இன்றே படம் கேளுங்கள்.

கேள்வி: சாய்சதுரத்துக்குள் எழுத்துகளும் எண்களும் உள்ள முத்திரை எதைக் குறிக்கிறது?

பதில்: பிரிட்டனில் வடிவமைப்பைப் பதிவு செய்த குறி, 1842 முதல் 1883 வரை. உச்சியில் உள்ள வட்டத்தில் ரோமன் நான்கு இருந்தால் பீங்கான், மண்பாண்ட வகை. ஆண்டெழுத்து 1867 வரை வட்டத்துக்குக் கீழே மேல் மூலையில் இருக்கும், 1868 முதல் வலது மூலையில். வடிவம் பதிவான நாளைத்தான் இது சொல்லும். உங்கள் ஜாடி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் சுடப்பட்டிருக்கலாம்.

கேள்வி: முத்திரையே இல்லாவிட்டால் போலியா?

பதில்: இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் நல்ல குயவர்கள் பலர் முத்திரை போடவே இல்லை.